பட்டம் வேறு, படைத்தலைமை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான இத்தாலியப் படைப் பதவிகள் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். தோள்பட்டைச் சின்னங்களைப் படங்களோடு விளக்கியிருந்தது அருமை. ஆனால், 1938-இல் ‘பேரரசின் முதல் மார்ஷல்’ பட்டம் கிடைத்ததும் முசோலினி படைகளின் தலைவராகிவிட்டார் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பட்டம் முசோலினிக்கு மட்டும் தரப்பட்டதல்ல. மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேலுக்கும் சேர்த்தே தரப்பட்டது. பிரதமரான முசோலினி தமக்குச் சரிசமமாக வந்து நிற்பதை அவமதிப்பாகக் கருதிய மன்னர், வேண்டாவெறுப்பாகத்தான் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆயினும் 1848-ஆம் ஆண்டு அரசியல் சாசனப்படி படைகளின் தலைவர் மன்னர்தான். அந்த விதி மாறவே இல்லை. இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கிய 1940 ஜூனில் போர்முனைப் படைகளின் பொறுப்பை அவர் முசோலினியிடம் ஒப்படைத்தார், அவ்வளவே. கொடுத்தவரால் திரும்பப் பெறவும் முடிந்தது. 1943 ஜூலை 25 அன்று முசோலினியை நீக்கிய கையோடு, முப்படைகளின் தலைமையையும் தாமே ஏற்பதாக மன்னர் அறிவித்தார்.

பட்டங்களை வாரி வழங்கிய அதே ஆட்சி, முப்படைகளுக்கும் உண்மையான தலைமையகம் ஒன்றை உருவாக்காமல் விட்டதுதான் பெருங்கேடு. 1925-இல் தளபதி படோலியோவுக்காக முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவி உருவானது. பதவியின் பெயர் பெரிது. கையில் இருந்ததோ சிறு அலுவலகம். 1933 முதல் முப்படை அமைச்சகங்களும் முசோலினியிடமே இருந்தன. 1940 அக்டோபர் 28-இல் தொடங்கிய கிரேக்கப் படையெடுப்பு சில வாரங்களிலேயே சீர்குலைந்தது. டிசம்பரில் படோலியோ பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த கவல்லேரோ காலத்தில், 1941-இல்தான் தலைமையகம் வலுப்பெற்றது. அதற்குள் போர் வெகுதூரம் போய்விட்டிருந்தது.

‘இத்தாலியின் மார்ஷல்’ என்ற உயர் படைப் பதவியும் இப்படித்தான். முதல் உலகப் போரில், 1917-இல் கபொரெட்டோ என்ற இடத்தில் தோற்ற தளபதி கடோர்னாவுக்கும், அவருக்குப் பின் பொறுப்பேற்று மறு ஆண்டு வெற்றி தேடித்தந்த டியாஸுக்கும் 1924-இல் ஒருசேர அதை அணிவித்தார்கள். தோல்விக்குக் கடோர்னாவைக் குறைகூறிய விசாரணை அறிக்கை வெளிவந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன! போரில் மாண்ட வீரர்களுக்கு இது இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்வேன்.

சின்னங்களில் நான் மிகவும் மதிப்பது, கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன காலர் நட்சத்திரத்தைத்தான். 1871 முதல் சிப்பாயும் ஜெனரலும் ஒன்றுபோல அணியும் ஐந்து முனைச் சின்னம் அது. முசோலினியின் பாசிசக் கருஞ்சட்டைப் படையினர் அந்த இடத்தில், கோடரி செருகிய கழிக்கட்டு வடிவிலான பாசிசச் சின்னத்தை அணிந்தார்கள். முசோலினி வீழ்ந்ததும் அவர்கள் காலரிலும் நட்சத்திரம் ஏறியது. பின்னர் வட இத்தாலியில் முசோலினி அமைத்த சாலோ குடியரசு என்ற அரசின் படை நட்சத்திரத்தை எடுத்துவிட்டுக் குறுவாள் சின்னத்தைப் பொருத்திக்கொண்டது. 1946-இல் மன்னராட்சியே போய்விட்டது. நட்சத்திரமோ இன்றும் இருக்கிறது. ஒரு வீரன் எவருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டவன் என்பதைத் தோள்பட்டையைவிட இந்தக் காலர் தெளிவாகச் சொல்லும். இந்த மூன்று சின்னங்களின் படங்களையும் அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
வாசகர், திருச்சி