குன்னூர் சித்திக்கு, போர்வை முடிந்துவிட்டது

அன்புள்ள சித்திக்கு,

போர்வை முடிந்துவிட்டது. கடைசி நூலையும் செருகி, ஒரு தண்ணீர் அலசி, நிழலில் காயப்போட்டு எடுத்து, இப்போது கட்டில் முழுக்க விரித்து வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் படத்தில் வாடாமல்லி வெறும் ரோஸாகத் தெரிகிறது, மயில்கழுத்து கறுப்போடு கலந்துவிடுகிறது. அதனால் எழுதியே காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குரோஷே ஊசி (நுனியில் கொக்கி வைத்த பின்னல் ஊசி) பிடிக்கிற வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான்.

முதலில் அளவு. சதுரம் ஒன்று ஐந்து அங்குலம். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 15, மொத்தம் 180 சதுரம். ஓரமும் சேர்த்தால் அகலம் ஐந்தடிக்கு மேல், நீளம் ஆறேகால் அடிக்கு மேல் வருகிறது. உங்கள் கட்டிலில் இரண்டு பக்கமும் தாராளமாகத் தொங்கும். நாலு ப்ளை அக்ரிலிக் நூல், 4 எம்.எம். ஊசி. எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கிறது.

நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே சதுரம்தான். நடுவில் ஒரு வளையம், அதற்குள் மும்மூன்றாக நாலு கொத்து, அப்புறம் சுற்றச் சுற்ற வளர வேண்டியது. மூலை வந்தால் மூன்று டபுள் (நெட்டைத் தையல்), இரண்டு செயின் (சங்கிலி), மறுபடி மூன்று டபுள். பக்கங்களில் இடுக்குக்கு ஒரு கொத்து. "மூலையைச் சரியாப் போடு, பக்கம் தானா வந்துரும்" என்பீர்களே, 180 தடவையும் அது சரியாகத்தான் இருந்தது. கிரானி ஸ்கொயர் என்று உலகம் முழுக்கத் தெரிந்த இந்தச் சதுரத்துக்கு அச்சில் கிடைக்கிற பழைய செய்முறை, அமெரிக்காவில் 'ப்ரெய்ரி ஃபார்மர்' என்ற விவசாயப் பத்திரிகையில் 1885-இல் வந்தது. பண்ணை வீட்டுப் பெண்கள் படித்த பத்திரிகையில் வந்த கணக்கு, குன்னூரில் உங்கள் வராந்தாவுக்கு வந்து, அங்கிருந்து திருப்பூருக்கு என் கைக்கும் வந்திருக்கிறது. நினைத்துப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

இனி நிறங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

நீங்கள் கட்டிக் கொடுத்த மிச்ச நூல் மூட்டையில் ஒன்றுகூட வீணாகவில்லை. பள்ளிக்கூட ஸ்வெட்டர்களில் மிஞ்சிய நேவி ப்ளூ, யாரோ குழந்தைக்குத் தொப்பி போட்டு மீந்த எலுமிச்சை மஞ்சள், சாம்பல், கத்திரிப்பூ, எல்லாம் உள்ளே இருக்கின்றன. நான் வாங்கிச் சேர்த்தது ராமர் பச்சை, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, அப்புறம் கறுப்பு. ஒரு சதுரத்தில் நாலு சுற்று நாலு நிறம், ஐந்தாவது சுற்று எல்லாவற்றுக்கும் கறுப்பு. பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களில் கறுப்புக்கு உள்ளே இருக்கிற நாலாவது சுற்று நிறம் ஒன்றாக வந்துவிடக் கூடாது என்று, இணைப்பதற்கு முன்னால் கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பி இடம் மாற்றி மாற்றி வைத்தேன். போனில் அதைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது சித்தி. நிறம் போய்விட்ட படத்தில் எது வெளிச்சம், எது இருட்டு என்பது மட்டும் நிற்கும். ஒரே மூலையில் இருட்டு குவிந்திருந்தால் உடனே கண்ணில் படும். போர்வை போடுகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன்.

மூட்டையின் அடியில் கிடந்த வெந்தய நிறம் ஞாபகம் இருக்கிறதா? தனியாகக் கையில் எடுத்தால் சோர்ந்த நிறம்தான். வாடாமல்லிக்கும் ராமர் பச்சைக்கும் நடுவில் அதில் ஒரு சுற்று போட்டதும், இரண்டு பக்கத்து நிறமும் பளிச்சென்று எழுந்துவிட்டன. எல்லா நிறமும் கத்தினால் ஒன்றும் காதில் விழாது. நடுவில் ஒன்று சும்மா இருக்க வேண்டும். அந்த வேலையை வெந்தய நிறமும் சாம்பலும் பார்த்துக்கொண்டன. கடையில் போய் நானாகப் பொறுக்கியிருந்தால் இந்த இரண்டையும் தொட்டிருக்கவே மாட்டேன். உங்கள் மிச்சத்தில் வந்ததால் வந்தது.

இன்னொன்று. சித்தப்பாவின் மஃப்ளர் போட்டு மீந்த அரக்கு நூல், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன உருண்டை. அருவங்காட்டு ஃபேக்டரிக்கு முதல் ஷிஃப்ட் கிளம்பும்போது அந்த மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போவாரே, அதே அரக்கு. நடுச்சுற்றுக்கு நூல் கொஞ்சம்தான் பிடிக்கும் என்பதால் கணக்குப் பண்ணிச் செலவழித்தேன். தலைமாட்டில் முதல் வரிசையில் இருக்கிற 12 சதுரத்துக்கும் நடு அதுதான். போர்த்தினால் கழுத்துப் பக்கம் வரும். எது தலைமாடு என்று தேட வேண்டாம், அரக்கு இருக்கிற பக்கம்.

ஓரத்துக்குக் கறுப்பில் முதலில் சிங்கிள் (குட்டைத் தையல்) ஒரு சுற்று, மூலைக்கு மூன்று. அதற்கு மேல் ராமர் பச்சையில் சிப்பி ஓரம், ஒரே கண்ணில், அதாவது ஒரே பின்னல் வளையத்தில், ஐந்து டபுள், இரண்டு கண் விட்டு ஒரு சிங்கிள், மறுபடி இரண்டு விட்டு ஐந்து. கோலம் போட்டு முடித்துச் சுற்றிலும் காவி இழுத்தால் ஒரு நிறைவு வருமே, அது இந்தப் பச்சை வந்ததும் வந்தது.

பின்பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் முதலில் அதைத்தான் பார்ப்பீர்கள். சதுரத்துக்கு ஐந்து நிறம் என்றால் பத்து நூல் முனை. 180 சதுரத்துக்கு 1,800 முனை. பாதியைப் போடும்போதே பின்னலுக்குள் வைத்து மூடிவிட்டேன். மீதியை மொட்டை ஊசியில் கோத்து, ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபடி ஒரு பக்கம் என்று மூன்று தடவை ஓட்டியிருக்கிறேன். முடிச்சு போட்டுக் கத்தரித்துவிட்டால் நாலு துவைப்பில் முடிச்சு வெளியே வந்துவிடும். ஒரு வழியாக மட்டும் ஓட்டினால் நூல் வந்த வழியே நழுவும். இந்த வேலையில் கைக்கு ஒரு சுவாரஸ்யமும் கிடையாது, முன்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் போர்வை பத்து வருஷம் நிற்பதும் இரண்டு வருஷத்தில் பிரிவதும் இதில்தான் இருக்கிறது.

அதைக் கண்டுகொண்ட ஒரே ஆள் கீழ் வீட்டு அக்கா. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். மாடியில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், நேராக ஒரு மூலையைப் புரட்டினார். மூட்டை மூட்டையாகப் பீஸ் பார்த்துப் பழகிய கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுப்புத் தையல் வழியே பிசிறு தேடிக்கொண்டே ஓடின. ஒரு வரிசை முழுக்கப் போய்விட்டு, "பிசிறே இல்லையே கண்ணு" என்றார். அப்புறம்தான் முன்பக்கத்தைத் திருப்பி நிறங்களைப் பார்த்தார். எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே பெரியது அதுதான்.

அடுத்த கேள்வி இந்த ஊரில் என்னவாக இருக்கும்? "பீஸ் ரேட் என்ன வரும்?" இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு சதுரத்துக்கு அரை மணி நேரம் வைத்தால் 90 மணி நேரம். இணைப்பு, நூல் செருகல், ஓரம் எல்லாவற்றுக்கும் அதில் பாதி. ஆக 135 மணி நேரம், கிட்டத்தட்ட 17 ஷிஃப்ட். நூல் காசு தனி. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கட்டாது கண்ணு" என்றார்.

கட்டாதுதான். சுற்றிலும் நிட்டிங் மெஷின் ஓடுகிற ஊரில் உட்கார்ந்து இதைப் போட்டதால் எனக்கு அது இன்னும் நன்றாகப் புரிகிறது. பனியன் துணி போடுகிற மெஷினில் வட்டமாக ஆயிரக்கணக்கில் ஊசிகள் நிற்கும். ஒவ்வொரு ஊசியிலும் ஒரு கண் தயாராக இருக்கும். நூல் வந்தால் ஒரே ஓட்டமாகப் பின்னிக்கொண்டு போகும். குரோஷேயில் உயிரோடு இருக்கிற கண் ஒன்றே ஒன்றுதான். ஊசி ஒவ்வொரு தடவையும், ஏற்கெனவே போட்ட பின்னலுக்குள் இடம் பார்த்து நுழைந்து, நூலைப் பிடித்து, வெளியே இழுத்து வர வேண்டும். எங்கே நுழைவது என்பது தையலுக்குத் தையல் மாறும். தொழிற்சாலைகளில் இந்த வேலைக்கு இன்னும் மெஷின் வரவில்லை. மெஷின் குரோஷே என்று கடையில் தொங்குவது வேறு பின்னல், பார்வைக்குத்தான் அப்படி. அப்படியென்றால் உண்மையான குரோஷே சட்டை ஒன்று மலிவாகக் கிடைக்கிறதென்றால், எங்கேயோ ஒரு பெண்ணின் கூலியில் அது குறைந்திருக்கிறது. ஆந்திராவில் நரசாப்பூர்ப் பக்கம் தலைமுறைகளாக வீட்டு வாசலில் உட்கார்ந்து பெண்கள் குரோஷே லேஸ் போடுகிறார்கள், கூலி பீஸ் கணக்கில். 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரால் வருகிற காசு அந்தக் கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

நீங்கள் தையல் வகுப்பில் கன்னியாஸ்திரிகளிடம் இதைக் கற்றதாகச் சொல்வீர்கள். அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு விளைச்சல் அழுகிப்போய்ப் பெரும் பஞ்சம் வந்தபோது, கார்க் பக்கத்துக் கன்னியர் மடங்களில் பெண்களுக்குக் குரோஷே லேஸ் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருத்தி ரோஜா மட்டும் போடுவாள், ஒருத்தி இலை மட்டும், எல்லாவற்றையும் சேர்த்து இணைப்பது வேறொருத்தி. அதை விற்ற காசில் குடும்பங்கள் சாப்பிட்டன. நம் பக்கத்திலும் இப்படிச் சேர்ந்து போட்டிருக்கிறார்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்' என்ற குழு, கையால் போட்ட துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரே போர்வை விரித்தது. அப்போது அது கின்னஸ் சாதனை. நம் கணக்கில் இரண்டேமுக்கால் ஏக்கர். ஒரு கட்டில் அளவுக்கே இத்தனை ஷிஃப்ட் என்றால் அது எத்தனை கை, எத்தனை மதியம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சரி, இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இதைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள் சித்தி. உங்களைத் தெரியும். நல்ல சேலை, நல்ல டம்ளர், நல்ல பெட்ஷீட் எல்லாமே யாரோ வரப்போகிற விருந்தாளிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இந்தப் போர்வைக்கு அந்தக் கதி வேண்டாம். விலை போட முடியாததால் பூட்டி வைக்க வேண்டும் என்றில்லை. விலை போட முடியாததால்தான் உங்களுக்கு வருகிறது, நீங்கள் போர்த்துவதற்கு. மார்கழிக் குளிரில் ராத்திரி போர்த்துங்கள். பகலில் மடியில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். காபி சிந்தினால் சிந்தட்டும், துவைத்தால் போகும். அந்துருண்டை தேவையே இல்லை. பூச்சி அரிப்பது ஆட்டு ரோமத்தைத்தான், அக்ரிலிக்கைத் தொடாது.

"ஓட்டை ஓட்டையா இருக்கே, குளிர் தாங்குமா?" என்று போனில் கேட்டீர்கள். உள்ளே இதைப் போர்த்தி, மேலே ஒரு பருத்தி பெட்ஷீட்டைப் போடுங்கள். அந்த இடுக்குகளில் தங்குகிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கணப்புச் சட்டிக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் இதைக் கொண்டுபோகாதீர்கள். அக்ரிலிக் சூட்டில் உருகும், உருகினால் தோலில் ஒட்டும். இஸ்திரியும் வேண்டாம், பின்னல் செத்துப்போய்த் துவண்டுவிடும். பச்சைத் தண்ணீரில் சோப்பு போட்டு அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காயப்போடச் சொல்லுங்கள். ஈரத்தில் தொங்கினால் அதன் கனத்திலேயே நீண்டுவிடும்.

பொங்கல் லீவுக்கு வரும்போது நானே கொண்டுவருகிறேன். பார்சலில் போட மனசு வரவில்லை. கூடவே ஒரு சுருக்குப் பையில் எல்லா நிறத்திலும் கொஞ்சம் நூல் வைத்திருக்கிறேன், எங்காவது அறுந்தால் ஒட்டுப்போட. அரக்கு மட்டும் இரண்டு முழம்தான் மிஞ்சியது, அதுவும் பையில் இருக்கிறது. வந்ததும் நீங்கள் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்,
திருப்பூர்