வீட்டையும் என்னையும் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள எங்கள் வீதிக்காரர்களுக்கும், பெண்கள் சேமிப்புக் குழுவான அயல்கூட்டத்து அக்காமார்களுக்கும், ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சிக்கும், டாக்டரம்மாவுக்கும், லேபர் ரூம் சிஸ்டருக்கும்,

வணக்கம். பாப்பா பிறந்து இன்றோடு 38 நாள். உங்களில் யாரைத் திண்ணையிலோ வேலியோரத்திலோ பார்த்தாலும் நன்றி சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் பாப்பா அழும், இல்லாவிட்டால் அடுப்பில் பால் பொங்கும். பாதிச் சொல்லோடு உள்ளே ஓடியிருக்கிறேன். அதனால் அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன்.

பெரியவன் பிறந்த கதை உங்களில் சிலருக்குத்தான் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் நடந்தது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். வலி கண்டு ஆறு மணி நேரத்தில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன், ஆபரேஷன் ஆயிற்று. எதற்காக என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, வீட்டுக்கு அனுப்பும்போதும் சொல்லவில்லை. காகிதம் மலையாளத்தில் இருந்தது. நான் பொள்ளாச்சிப் பக்கம் தமிழில் படித்தவள், கல்யாணமாகிக் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக்கு வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தையல் ஆறிவிட்டது. அந்தக் காகிதம் மட்டும் ஆறவில்லை.

அதனால் இரண்டாவது உண்டானதும் நான் பிடித்த அடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிப் படியையே மிதிக்க மாட்டேன், வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்றேன். ராத்திரியெல்லாம் செல்போனில் வீட்டுப் பிரசவ வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பயந்துபோய்ச் சொல்லித்தான், ஆஷா சேச்சி, நீங்கள் அன்றைக்கு வந்தீர்கள்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. கொல்லையில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் துணிதுவைக்கிற கல்லில் உட்கார்ந்து, "ஆத்யம் மோளு சொல்லு" (முதலில் நீ சொல்லு மகளே) என்றீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நான்தான் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு, ஒருமுறை அறுத்த கர்ப்பப்பைத் தழும்பு பிரசவ வலி நேரத்தில் பிரிந்து விட்டுப்போனால் வீட்டில் யாராலும் எதுவும் செய்ய முடியாது, நிமிஷக் கணக்குதான் என்று நிதானமாகச் சொன்னீர்கள். 2018-ல் திருப்பூரில் வீட்டில் பிரசவம் பார்த்து ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனதை நான்தான் ஞாபகப்படுத்தினேன். நீங்கள் அதைச் சொல்லிப் பயமுறுத்தக்கூட இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போ, ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் போ" என்று சொல்லி, கேட்க வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள். அந்த நோட்டு இன்னும் என் தலையணைக்கடியில் இருக்கிறது.

மேலவீட்டு அம்மிச்சி, அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் சொன்னதை இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன். வீட்டிலேயே பெற்ற அந்தக் காலத்து மனுஷி நீங்கள்; எனக்குத்தான் துணை நிற்பீர்கள் என்று நம்பி வந்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "ஆறு பெத்தேன் கண்ணு, நாலுதான் மிஞ்சுச்சு" என்றீர்கள். அப்புறம் கீரைக்குத் திரும்பிவிட்டீர்கள். நான் அன்றைக்கு ராத்திரி வீடியோ பார்க்கவில்லை.

டாக்டரம்மா, பாலக்காட்டில் உங்கள் அறைக்கு வெளியே எவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியும். அத்தனைக்கு நடுவிலும் என் நோட்டில் இருந்த பதினொரு கேள்விக்கும் பதில் சொன்னீர்கள். முதல் தழும்பு கர்ப்பப்பையின் அடிப்பகுதியில் குறுக்காக இருப்பதால் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்து பார்க்கலாம், அப்படி முயற்சி செய்கிறவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குக் கைகூடும், தழும்பு விட்டுப்போவது சுமார் 200 பேரில் ஒருவருக்கு நடக்கலாம், அதனால்தான் தியேட்டரும் மயக்க டாக்டரும் ரத்தமும் எந்த நேரமும் தயாராக இருக்கிற இடத்தில் மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். 2019-21 கணக்கெடுப்பில் கேரளத்தில் நூற்றுக்கு 39 பிரசவம் ஆபரேஷன்தான், தமிழ்நாட்டில் 45, அதனால் நான் ஏதோ தோற்றுப்போனவள் மாதிரி உட்கார வேண்டாம் என்றீர்கள். எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்ட வார்த்தை அது.

சரி, வீட்டுக்கதைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு நிம்மதியாகப் போக முடிந்ததற்கு வீட்டில் இருந்தவர்கள்தான் காரணம்.

வலி வந்த அன்றைக்கு எங்கள் செவலைக் கோழி அடையில் உட்கார்ந்து பதினாறாம் நாள். கூடையில் வைக்கோல் பரப்பி 13 முட்டை வைத்திருந்தேன். இடி இடித்தால் கருக் கலங்கிவிடும் என்று அம்மிச்சி ஒரு இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் ஓரத்தில் செருகியிருந்தார். நாளைக்கு ஒருதரம் அதை இறக்கிவிட்டுக் கம்பும் தண்ணீரும் காட்ட வேண்டும், புழுதியில் புரண்டு வரட்டும் என்று விட வேண்டும், ஆனால் முட்டை ஆறுவதற்குள் திரும்ப ஏற்றிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கீரி வேறு வரும். கீழவீட்டு அக்கா, ஆட்டோவில் ஏறும்போது வலிக்கு நடுவில் நான் உங்களிடம் சொன்னது கோழியைப் பற்றித்தான் என்று எல்லோரும் இன்னும் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா சாமி" என்றீர்கள். ஆறு நாளும் காலை ஏழு மணிக்குத் தவறாமல் வந்திருக்கிறீர்கள்.

21-ஆம் நாள் காலையில் வார்டில் படுத்திருந்தபோது நீங்கள் அனுப்பிய படத்தைப் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்த்தேன். ஓட்டில் ஒரு மிளகளவு ஓட்டை, அதற்குள் ஒரு அலகு நுனி. கையால் பிரித்துவிடாதீர்கள், அதுவாக வரட்டும் என்று நான் எழுதுவதற்குள் நீங்களே அப்படி எழுதியிருந்தீர்கள். சாயங்காலத்துக்குள் 11 குஞ்சு. ஒன்று கூமுட்டை, ஒன்று ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது.

அந்த வாரம் நம் வீதியில் நாலு வீட்டுக் கோழிகள் வெள்ளைக் கழிச்சலில் விழுந்தன. மூலைவீட்டுத் தம்பி, நீ மிருகாசுபத்திரிக்குப் போய், ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்து வாங்கிவந்து, ஏழாம் நாள் ஒவ்வொரு குஞ்சுக்கும் கண்ணில் ஒரு சொட்டு விட்டாய். அது கண்ணை மூடித் திறக்கும்வரை உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்துவிட்டுத்தான் கீழே இறக்கினாய். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றும் இன்றைக்குக் கொடாப்புக்குள் நன்றாக இருக்கின்றன.

கருப்பனைப் பற்றியும் உனக்குத்தான் சொல்ல வேண்டும். பிள்ளை வருகிற வீட்டில் நாய் எதற்கு, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்று எத்தனை பேர் சொன்னார்கள்! ஆறு வருடமாக என் கட்டிலுக்கடியில் படுக்கிற ஜீவன் அது. நீதான் அதைக் கூட்டிக்கொண்டு போய் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்து, உண்ணி எடுத்து, மிருக டாக்டரிடம் எப்படிப் பழக்குவது என்று கேட்டு வந்தாய். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளில் அது சோறு தொடவில்லை என்று பிளஸ் டூ பரீட்சைப் புத்தகத்தோடு எங்கள் திண்ணையிலேயே படுத்திருக்கிறாய். மூன்றாம் நாள் பாப்பாவைச் சுற்றியிருந்த துணி ஒன்றை வாங்கிப்போய் அதன் பக்கத்தில் போட்டாயாம். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். கருப்பன் குரைக்கவில்லை. பாப்பாவின் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை நீட்டி மோந்துவிட்டு அப்படியே தரையில் படுத்துக்கொண்டது. இப்போதும் இரண்டையும் தனியாக விடுவதில்லை, டாக்டர் சொன்னபடிதான்.

ஏழாவது படிக்கிற என் தோட்டக்காரிக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உனக்குத் தெரியும் கண்ணு. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும், நமக்குத் தூறலும் காற்றும்தான், காலையில் ஊற்றிய தொட்டி சாயங்காலம் காய்ந்துபோகும். காலண்டரில் டிக் போட்டு ஊற்றியிருக்கிறாய். கறிவேப்பிலைக்கு அரிசி கழுவிய தண்ணீர், கற்றாழைக்கு வாரத்தில் ஒரே தடவை. நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றையும் விடவில்லை. டம்ப் கேன் செடியைக் குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும் என்று யாரிடமோ கேட்டு, அதையும் மணி பிளாண்ட்டையும் கைக்கெட்டாத உயரத்துக்கு நீயே ஏற்றி வைத்திருந்தாயே, அது எனக்குத் தோன்றவே இல்லை.

அயல்கூட்டத்து அக்காமார்களே, முறைபோட்டு 20 நாள் செலவு ரசமும் பூண்டுக் குழம்பும் தூக்கில் வந்தது. கூட்டத்துச் சேமிப்பிலிருந்து 3,000 ரூபாய் கேட்காமலே கொடுத்தீர்கள். அடுத்த மாதம் முதல் கட்டிவிடுகிறேன். ஆட்டோ அண்ணா, ரத்தம் தேவைப்பட்டால் கொடுப்பதற்கென்று ராத்திரி முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியிலேயே தூங்கினீர்கள். தேவைப்படவில்லை. ஆனாலும் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று உள்ளே எனக்குத் தெரிந்திருந்தது.

அத்தை, ஐந்தாம் மாதத்திலிருந்து கோழி எச்சம் அள்ளுகிற வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது நம் வீட்டு வழக்கம். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சிஸ்டர் சொன்னபோது உங்கள் முகம் வாடியதைக் கவனித்தேன். ஆனால் மறுநாள் பார்க்க வந்த பெரியம்மா தேன் பாட்டிலை எடுத்தபோது, "இப்ப அதெல்லாம் வெக்கறதில்லீங்க" என்று முதலில் சொன்னது நீங்கள்தான்.

இப்போது அந்த ராத்திரி. அண்ணிமுறையான என் நங்கையை லேபர் ரூமுக்குள் கூட இருக்க விட்டார்கள். நங்கை, வளையல் உறுத்துகிறது என்று நான் ஒருதரம் முனகினேன். இரண்டு கை வளையலையும் கழற்றி இடுப்பு மடியில் செருகிக்கொண்டு 11 மணி நேரம் என் முதுகைத் தேய்த்தீர்கள். உங்கள் உள்ளங்கை தோலுரிந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

கர்ப்பப்பை வாய் திறப்பது ஏழு சென்டிமீட்டரில் நாலு மணி நேரமாக நின்றுவிட்டது. விடியற்காலையில் டாக்டரம்மா மெஷினிலிருந்து வந்த தாளை என்னிடமே காட்டினார். குழந்தையின் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 110-க்கும் 160-க்கும் இடையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு வலிக்கும் இங்கே இறங்குகிறது பாருங்கள், ஏறி வரவும் நேரம் எடுக்கிறது, இனிக் காத்திருப்பது நல்லதில்லை என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்! எனக்கு அழுகை வந்தது. ஆபரேஷனுக்காக இல்லை.

அப்புறம் காகிதம் வந்தது. அதே மலையாளம். சிஸ்டர், நீங்கள் பேனாவை என் கையில் கொடுக்கவில்லை. கட்டிலோரத்தில் குனிந்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழில் வாசித்தீர்கள். வலி வரும்போது விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு நிறுத்தினீர்கள். போனதும், "எவிடெ நின்னோம்... ஆ, இங்கே" என்று அதே இடத்திலிருந்து தொடங்கினீர்கள். மூன்று தடவை அப்படி நின்று தொடங்கினீர்கள். அவசரம் உங்களுக்கும் இருந்தது, எனக்குத் தெரியும். மொத்தம் இரண்டு மூன்று நிமிஷம்தான் ஆகியிருக்கும். கடைசியில் "மனசிலாயோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தீர்கள். புரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

பாப்பா 3 கிலோ 100. தொப்புள்கொடியை ஒரு நிமிஷம் விட்டுத்தான் கட்டினார்கள். தியேட்டரிலேயே கொண்டுவந்து என் கன்னத்தோடு அவள் கன்னத்தை வைத்தார்கள். பெரியவனை நான் முதன்முதலில் பார்த்தது ஐந்து மணி நேரம் கழித்து.

சிஸ்டர், தமிழ் பேச வரும், படிக்கத்தான் வராது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. 45-ஆம் நாள் தையல் காட்ட வரும்போது இந்த மடலை எடுத்து வருகிறேன். டியூட்டி முடிகிற வரைக்கும் வெளியே காத்திருக்கிறேன். நானே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா,
கொழிஞ்சாம்பாறை