செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அன்பான அங்கத்தவர்களே, வணக்கம்.

பொங்கல் விழாவும் கோடைகால ஒன்றுகூடலும் வழக்கம்போல நடந்தன. கணக்கு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குக் கிடைத்த நேரத்தைப் கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஸ்காபரோவில் நாம் நடத்திய உதவி மேசைக்கே ஒதுக்குகிறேன். இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான வேலை அதுதான் என்பது என் எண்ணம்.

மேசைக்கு வந்த பலர் ஹெல்த் காட் என்ற அரச மருத்துவக் காப்புறுதி அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. கேட்டால், "மூன்று மாதம் பொறுக்கவேணுமாமே" என்றார்கள். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்தக் காத்திருப்பு 2020 மார்ச்சிலேயே நீக்கப்பட்டுவிட்டது. கியூபெக்கில் இன்னும் உண்டு, இங்கே இல்லை. இந்தப் பழைய கதையைச் சொல்லி அனுப்புவது இருபது வருடத்துக்கு முன் வந்து இறங்கிய நாம்தான். தயவுசெய்து நிறுத்துவோம்.

அட்டைக்கு விண்ணப்பிக்கும் அரச அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவில் மூன்று மூலப் பத்திரங்கள் கேட்பார்கள்: குடிவரவு நிலைக்கு ஒன்று, ஒன்ராறியோவில் வசிப்பதற்கு ஒன்று, ஆளை அடையாளம் காட்ட ஒன்று. முதலாவதும் மூன்றாவதும் எல்லோர் கையிலும் இருக்கும். நடுவில் உள்ளதுதான் இழுத்தடிக்கும். அக்கா வீட்டு பேஸ்மென்டில் இருந்த ஒரு தம்பிக்கு அவர் பெயரில் ஒரு கடிதம்கூட இல்லை. மின்சார பில், போன் பில் எல்லாமே அத்தான் பெயரில். வங்கிக் கணக்குத் திறந்து, மாதக் கூற்றைத் தபாலில் அனுப்பச் சொல்லிக் கேட்கவைத்தோம். அது வந்து சேர்ந்ததும் காரியம் முடிந்தது.

வேலை அனுமதியில் வந்தவர்கள், இங்குள்ள முதலாளி ஒருவரிடம் குறைந்தது ஆறு மாத முழுநேர வேலை இருப்பதைக் கடிதத்தில் காட்டவேண்டும். சர்வதேச மாணவர்களுக்கு ஓஹிப் என்ற இந்த அரச காப்புறுதி கிடையாது, கல்லூரிக் காப்புறுதிதான். பிள்ளைகளோடு நீண்டகாலம் தங்க சுப்பர் விசாவில் வரும் பெற்றோருக்கும் கிடையாது. அவர்களுக்குக் குறைந்தது 100,000 டொலர் தனியார் காப்புறுதி வேண்டும்.

அப்புறம் வேலை விவகாரம். வேலை செய்யத் தேவையான சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்) இலவசம். அதை எடுத்துத் தர ஒருவர் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதைவிடப் பெரிய தலையிடி, கையில் காசு வாங்கும் வேலை. வரி பிடிபடவில்லை என்று ஆரம்பத்தில் சந்தோசமாகத்தான் இருக்கும். வேலை போனபின் ஈ.ஐ. என்ற வேலையிழப்புக் காப்புறுதிப் பணம் கேட்டால், பகுதியைப் பொறுத்து 420 முதல் 700 மணிநேரம் கணக்கில் இருக்கவேண்டும். காசு வேலையில் எத்தனை வருடம் முறிந்தாலும் அந்த மணிநேரம் எங்கும் பதிவாவதில்லை. சம்பளச் சிட்டை இருப்பவர்களும், வேலை நின்ற கையோடு விண்ணப்பிக்கவேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் தாமதித்தால் பணம் இழக்க நேரலாம்.

பொதிகட்டும் தொழிற்சாலை ஒன்றில் ஒரு சகோதரிக்கு விரல் நசிந்தது. "வீட்டில் நடந்ததென்று டொக்டரிடம் சொல்" என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அந்தச் சகோதரி மேசைக்கு வந்து கேட்டார். வேலையில் காயம் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லச் சொன்னோம், வேலையிடக் காயங்களுக்கான காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் படிவத்தையும் கூட இருந்து நிரப்பினோம். தொழிலாளி கோரிக்கை வைக்க ஆறு மாதம்தான் அவகாசம். அந்தக் காப்புறுதிக்கான கட்டணம் முழுக்க முதலாளியுடையது, தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கக்கூடாது. இதை அறிந்தவர்கள் நம்மில் மிகக் குறைவு.

குடும்ப வைத்தியர் விடயத்தில் எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. வைத்தியர் தேடித்தரும் அரச சேவையான ஹெல்த் கெயர் கனெக்டில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வதும், இரவில் அவசர யோசனை தேவைப்பட்டால் மருத்துவ ஆலோசனை தரும் 811-ஐ அழைக்கச் சொல்வதும்தான் நம் கையில் இருந்தது.

மேசை தொடர்ந்து நடக்க, வார நாட்களில் ஆட்களோடு கூடப் போகக்கூடியவர்கள் தேவை. சனி, ஞாயிறில் வர எல்லோரும் தயார். அலுவலக வரிசையோ செவ்வாய்க்கிழமை காலையில். ஓய்வுபெற்ற அங்கத்தவர்கள், குறிப்பாகக் கார் ஓடுபவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள். இந்த அறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்