பர்மிங்ஹாமிலிருந்து அப்பாவுக்கு

பர்மிங்ஹாம், அலபாமா
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

நாங்கள் எல்லோரும் சுகம். போன வாரம் போனில், "கோயில்காரங்க சட்டமன்றத்துக்குப் போய் என்னம்மா செய்றீங்க, கோயிலுக்கும் பட்ஜெட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டீர்கள். சின்னவள் அழுததால் பாதியில் வைத்துவிட்டேன். சரி, நிதானமாக எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஊரில் அரிசிக்கும் பாலுக்கும் முட்டைக்கும் வரி உண்டு அப்பா. நாங்கள் வந்த புதிதில் 100 டாலருக்கு மளிகை வாங்கினால் பில்லின் அடியில் தனியாக 10 டாலர் வரி நிற்கும். மாநிலத்துக்கு 4, நகரத்துக்கு 4, கவுண்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, 2. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் வீட்டுச் சமையலுக்கு வாங்கும் உணவுக்கு வரியே போடுவதில்லை. இங்கே உங்கள் மருமகன் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரும், அங்கே தரை துடைக்கிற அம்மாவும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். டாக்டருக்கு அது கண்ணில் படாது. அந்த அம்மாவுக்கு மாசக் கடைசியில் ஒரு நாள் சாப்பாடு.

இன்னொரு பக்கம் பாருங்கள். மத்திய அரசுக்குக் கட்டிய வருமான வரியை மாநில வரிக்கணக்கில் முழுசாகக் கழித்துக்கொள்ள இங்கே சட்டம் இடம் தருகிறது. வருமானம் கூடக் கூடக் கழிவும் கூடும். சொத்து வரியோ நாட்டிலேயே மிகக் குறைவான மாநிலங்களில் ஒன்று. நிலக்காரர்களுக்குச் சாதகமாக 1901ஆம் ஆண்டு மாநில அரசியல் சாசனம் போட்ட வரம்பு இன்னும் விடவில்லை. கறுப்பின மக்களின் ஓட்டைப் பறிக்கவென்றே எழுதிய சாசனம் அது.

இதையெல்லாம் நான் கோயிலில்தான் தெரிந்துகொண்டேன். சூசன் பேஸ் ஹாமில் என்று அலபாமா பல்கலைக்கழகத்தில் வரிச்சட்டப் பேராசிரியை ஒருவர், மெதடிஸ்ட். வேதம் படிக்கவென்று இதே ஊரில் உள்ள பீசன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தவர், 2002இல் இந்த வரிமுறை வேதத்துக்கு விரோதமானது என்று பெரிய ஆய்வு எழுதினார். 4 பேர் உள்ள குடும்பம் வருஷத்துக்கு 4,600 டாலர் சம்பாதித்தாலே அப்போது வருமான வரி. மாநில நிலத்தில் 71 சதவீதம் மரக்காடு, ஆனால் சொத்து வரியில் அதன் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. ஏழைகளின் நியாயத்தைப் புரட்டச் சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஐயோ என்று ஏசாயா பத்தாம் அதிகாரத்தில் நீங்கள் வாசித்துக் காட்டுவீர்களே, அதை இவர் கணக்கோடு காட்டிவிட்டார்.

அப்போதைய ஆளுநர் பாப் ரைலி, குடியரசுக் கட்சி, பாப்டிஸ்ட். வரி என்றாலே எதிர்த்து வந்தவர், ஏழைகளிடம் இப்படி வாங்குவது கிறிஸ்தவனுக்கு அழகில்லை என்று 2003இல் வரிமுறையையே மாற்றப் பார்த்தார். செப்டம்பர் 9ஆம் தேதி வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பலன் பெற வேண்டிய ஏழைகளிலும் பலர் நம்பவில்லை. அரசாங்கம் அத்தனை தடவை ஏமாற்றியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் சபைகள் விடவில்லை அப்பா. அலபாமா அரைஸ் என்று ஓர் அமைப்பு, 1988இல் தொடங்கியது, நிறைய சபைகள் அதில் உறுப்பு. வருஷம் தவறாமல் மளிகை வரியை எடுங்கள் என்று கேட்டார்கள். 2023 செப்டம்பரில் மாநில வரி 4லிருந்து 3 ஆனது. இந்த செப்டம்பரில் 2.

இந்த வசந்த காலத்தில் எங்கள் சபையாரோடு நானும் மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரி போனேன். எனக்கு இங்கே ஓட்டு இல்லை, ஆனால் வரி கட்டுகிறேன், கூட நிற்கலாமே. மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ கோயில் ஆளுநர் அலுவலகம் இருக்கும் கேப்பிட்டல் கட்டடத்துக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அறையில் எங்கள் சபை மூதாட்டி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கைப்பையிலிருந்து மளிகை பில்லை எடுத்து நீவி மேஜையில் வைத்தார். "இந்த வரி பள்ளிக்கூட நிதிக்குத்தானே போகிறது, டீச்சரே இப்படிக் கேட்கலாமா?" என்றார் உறுப்பினர். அது உண்மைதான், கல்வி நிதிக்குத்தான் போகிறது. "பிள்ளைக்குப் பாடம் நடத்த அந்தப் பிள்ளையின் தட்டிலிருந்தா எடுப்பது? அந்த வருமான வரிக் கழிவுக்கு ஒரு வரம்பு வையுங்கள், பள்ளிக்கூடத்துக்குப் பணம் வரும்" என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை.

கூலி விஷயம் இன்னும் மோசம். மாநிலத்துக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது. மத்திய அரசு 2009இல் வைத்த மணிக்கு 7.25 டாலர்தான். இந்த நகரசபை 10.10 ஆக்கியது, 2016இல் மாநிலம் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. தொழிலாளர்களோடு கிரேட்டர் பர்மிங்ஹாம் மினிஸ்ட்ரீஸ் என்ற பல சமயத்தார் அமைப்பும் வழக்குப் போட்டுத் தோற்றது. கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைத்தால் அதுவே கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியதை இங்கே கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கோயில் அசன விருந்துக்கு அரிசி மூட்டை தருகிறோம், நல்லதுதான். அந்த அரிசிக்கு ஏன் வழியில்லாமல் போனது என்று கேட்பதும் ஊழியம்தான் என்று நான் நம்புகிறேன்.

அடுத்த கூட்டத்தொடர் ஜனவரியில். மிச்சமுள்ள 2 சதவீதத்தையும் எடுக்கக் கேட்கப் போகிறோம். குடும்ப ஜெபத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அம்மாவின் மாத்திரைச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், இவர் பார்க்கிறேன் என்றார்.

உங்கள் அன்பு மகள்