கையெழுத்துக்கு முன் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள்: கேரவன் டீலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்போர்னின் வடபுறத்தில், ஹியூம் நெடுஞ்சாலை ஓரம் எனக்குக் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீட்டு வண்டி) விற்ற நிறுவனத்தின் மேலாளர் அவர்களுக்கும், அதே சாலையில் கடை விரித்திருக்கும் மற்ற டீலர்களுக்கும்,

வணக்கம்.

ஆங்கிலத்தில் ஐந்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஐந்துக்கும், நான் அனுப்பிய அதே நிமிடத்தில், "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில் வந்தது. படிக்காமலே பதில் போடுகிறவர்களுக்கு எந்த மொழியில் எழுதினால் என்ன? ஆறாவதைத் தமிழிலேயே எழுதுகிறேன். நீங்கள் படிக்காவிட்டாலும், அடுத்து உங்கள் யார்டுக்கு வரப்போகிற எங்கள் ஆட்கள் படிப்பார்கள்.

முழுக் கதையும் உங்களுக்குத் தெரியும். நான்கு மாதத்தில் வரும் என்ற வண்டி ஒன்பதாவது மாதம் வந்தது, அதையெல்லாம் கிளறப் போவதில்லை. டெலிவரி எடுத்த அந்தச் சனிக்கிழமையை மட்டும் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்குவோம் என்றீர்கள். மீதிப் பணம் முந்தின நாளே உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. நாங்கள் போனதும் முதலில் நீட்டியது சாவியை அல்ல, ஒரு தாளை. அதில் வரிசையாக டிக் போட்டு வைத்திருந்தீர்கள். "கூரை, ஜன்னல், ஹேட்ச்: நீர்க்கசிவு இல்லை" என்பதும் அதில் ஒரு வரி. ஹேட்ச் என்றால் கூரையில் திறந்து மூடுகிற சின்ன ஜன்னல். கீழே கையெழுத்து போடுவது ஒன்றுதான் என் வேலை. போட்டேன். எண்பத்திரண்டாயிரம் டாலர் கொடுத்துவிட்டு நிற்கிறவன், மூடிக்கிடக்கிற வண்டியில் தண்ணீர் ஒழுகுமா என்று கேட்டால் அபசகுனமாகத் தெரியாதா?

பிறகு முப்பத்தைந்து நிமிடம். வெய்யில் மறைப்பை ஒருமுறை விரித்துச் சுருட்டினீர்கள். ஃபிரிட்ஜ் சுவிட்சைக் காட்டினீர்கள். மற்றதெல்லாம் யூடியூபில் இருக்கிறது என்றீர்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதைக்கூட எனக்குச் சொன்னவர் லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற ஊரின் கேரவன் பார்க்கில் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்தான்.

ஒரு வேலை மட்டும் அன்று குறையில்லாமல் நடந்தது. சக்கரத்துக்கடியில் நாங்கள் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதை உங்கள் விற்பனையாளர் ஆசையாகப் படம் பிடித்து, "இன்னொரு மகிழ்ச்சியான குடும்பம்" என்று உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். படம் இன்னும் இருக்கிறது. மின்னஞ்சலுக்கு உண்மையான பதிலைத்தான் காணோம்.

இந்த வண்டியை நான் யாருக்காக வாங்கினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அம்பாசமுத்திரத்திலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். முழங்கால் வலி, சர்க்கரை. ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டும். படுக்கைக்கு ஐந்தடியில் கழிப்பறை இருந்தால்தான் வெளியூர் என்ற பேச்சே. ஊரில் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் உட்கார்கிற வண்டி. "என் மவன் கேரவன் வாங்கியிருக்கான்" என்று போனில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் லேக்ஸ் என்ட்ரன்ஸ் போனோம். மெல்போர்னிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டாம் நாள் ராத்திரி மழை பிடித்தது. ஒரு மணி வாக்கில் விழித்தபோது அம்மா விளக்கைப் போடாமல் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாம்பார் வைக்கிற பாத்திரம். கூரை ஹேட்சின் ஓரத்திலிருந்து அதில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெத்தை பாதிக்கு மேல் நனைந்துபோயிருந்தது. குளிருக்குப் போர்வையைத் தலையோடு சுற்றியிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தார் என்று சொல்லவே இல்லை. பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று எங்களையும் எழுப்பவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஏல, இவ்ளோ துட்டு குடுத்து நம்ம பழைய ஓட்டு வீட்டையேல்லா வாங்கியிருக்க!" என்றார்.

நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

காலையில் அந்தப் பெரியவர்தான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். ஹேட்சின் ஒரு பக்கம் முழுக்க ஒட்டுப்பசையே வைக்கவில்லை. விட்டுப்போயிருக்கிறது. தரையில் நின்று ஹோஸ் பைப்பால் அந்தக் கூரை மேல் பத்து நிமிடம் தண்ணீர் அடித்திருந்தால் உங்கள் யார்டிலேயே தெரிந்திருக்கும். அவ்வளவுதான் நான் கேட்பதும். கையெழுத்து வாங்கும் முன், வாங்குகிறவரை உள்ளே உட்காரவைத்து, பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள்.

இது புது வித்தை ஒன்றும் இல்லை. உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, வெளியே மூட்டுகளில் சோப்பு நீர் பூசி, குமிழி வருகிறதா என்று பார்க்கும் முறையே இருக்கிறது. அந்தக் கருவி வேண்டாம், ஹோஸ் போதும். என் வண்டி போல மெராண்டி மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த வண்டிகளில் கசிவு உடனே சொட்டாமலும் போகலாம் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். சுவருக்குள் இறங்கி, மரம் ஊறி, ஒரு நாள் விரலால் அழுத்தினால் சுவர் உள்ளே போகும். எங்களுக்குச் சாம்பார்ப் பாத்திரத்தில் சொட்டியது ஒருவகையில் அதிர்ஷ்டம்தான்.

போன் செய்தேன். பழுதுபார்க்க நான்கு வாரம் கழித்து நாள் கொடுத்தீர்கள். "நீர்க்கசிவு இல்லை என்று நீங்களே கையெழுத்து போட்டிருக்கிறீர்களே" என்று உங்கள் சர்வீஸ் பிரிவில் ஒருவர் மெல்லச் சொல்லியும் பார்த்தார். வண்டியை விட்ட பிறகு, தயாரிப்பாளரின் ஒப்புதல் வரவேண்டும் என்றீர்கள். ஐந்து வாரம் உங்கள் யார்டில் நின்றது. அதற்குள் அம்மாவின் மூன்று மாதம் முடிந்துவிட்டது. திரும்பி வந்த வண்டியில் ஹேட்சைச் சுற்றி சிலிக்கான் அப்பியிருந்தது, தோசைக்கல்லில் மாவு ஊற்றியதுபோல. அடுத்த மழைக்கு மறுபடி ஒழுகியது.

2011 முதல் நடப்பில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் புதிதில்லை. விற்றவரும் பொறுப்பு, தயாரிப்பாளரைப் போய்ப் பாருங்கள் என்று கைகழுவ முடியாது. பெரிய குறை என்றால் பணம் திரும்ப வேண்டுமா, வேறு வண்டி வேண்டுமா என்று சொல்கிற உரிமை வாங்கியவருக்கு. டெலிவரித் தாளில் போட்ட கையெழுத்து அந்த உரிமையைப் பறிக்காது. 2022இல் ஆஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணையம் (ACCC) வெளியிட்ட அறிக்கையில், கருத்துக் கேட்டபோது பதில் சொன்ன கேரவன் வாங்கியவர்களில் 80 சதவீதம் பேர் ஏதோ ஒரு குறை கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்தில் எட்டு! மீதி இரண்டு பேர் இன்னும் மழையில் போகவில்லை போலிருக்கிறது.

சொல்ல ஆரம்பித்தால் எடையையும் சொல்ல வேண்டும். வண்டியின் எடைத் தகட்டில் போட்டிருக்கும் வெற்று எடை 2,150 கிலோ, சுமையோடு சேர்த்து இருக்கக்கூடிய மொத்த எடை 2,600. ஆக 450 கிலோ எங்களுடையது என்று நம்பினோம். எடைமேடையில் ஏற்றினால் காலி வண்டியே 2,290. வெய்யில் மறைப்பும் ஏசியும் இரண்டாவது பேட்டரியும் மாட்டியது நீங்கள். தகட்டு எடை அதற்கு முந்தினது என்று சொல்லாமல் விட்டதும் நீங்கள். இரண்டு 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் நிரம்பினால் அதுவே 190 கிலோ. மிச்சம் 120இல் இரண்டு கேஸ் சிலிண்டர், நாலு பேர் துணிமணி, அரிசி, பருப்பு. எடை மிஞ்சினால் ரோட்டில் மாட்டுகிறவன் நான். உங்கள் பேனாவுக்கு மட்டும் எந்த எடையும் கிடையாது, எந்தக் கட்டத்திலும் டிக் போடும்.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது ஒன்று, பேச்சு எங்கேயோ போய்விட்டது. எடையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுவும் தமிழில்.

இப்போது கேட்பது இதுதான். என் வண்டியின் ஹேட்சைக் கழற்றி முறையாக மறுபடி பொருத்திக் கொடுங்கள். முடியாதென்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள், சட்டப்படி ஆகவேண்டியதைப் பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் உங்களிடம் வருகிற யாரிடமும், கையெழுத்து வாங்கும் முன் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துக் காட்டுங்கள். அந்தச் சாலையிலுள்ள மற்ற டீலர்களையும் அதையே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் குடும்பப் படத்தை அதுவரை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பழுது சரியான பிறகு புதுப் படம் எடுத்துக்கொள்ளலாம், எலுமிச்சம்பழம் நான் கொண்டுவருகிறேன்.

ஹோஸும் இல்லையென்றால் சொல்லுங்கள், அதையும் கொண்டுவருகிறேன். குழாய் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
தாங்கள் "மகிழ்ச்சியான குடும்பம்" என்று குறிப்பிட்டவர்களில் ஒருவன்