உன் லெட்டர்ல இருந்த அந்த ரெண்டு பக்கம்

மச்சான்,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பதில் போட லேட் ஆயிடுச்சுடா, அப்பாவுக்கு கண் ஆபரேஷன், அந்த அலைச்சல்ல எதுவும் ஓடல. இப்ப நல்லா இருக்கார், பேப்பர கையில எடுத்தா கீழ வைக்க மாட்டேங்கறார். பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிட்டா, வீடே வெறிச்சோடிக் கிடக்கு. சரி அதெல்லாம் போன்ல பேசிக்கலாம், உன் விஷயத்துக்கு வரேன், படிச்சதுல இருந்து மனசு அதையே தான் சுத்தி சுத்தி வருது.

நீ எழுதினத நீயே திரும்பப் படிச்சியான்னு தெரியல. ப்ரமோஷன் பத்தி மொத்தமே மூணு வரி, எல்லாரும் வாழ்த்து சொல்றாங்க, எடுத்துக்கலாம்னு இருக்கேன், அவ்ளோதான். ஆனா சாயங்காலம் நீ பெரியவங்களுக்கு எழுதப் படிக்க சொல்லித்தர்ற கிளாஸ்ல அந்த பாட்டி முதல் தடவையா தன் பேர எழுதினாங்கல்ல, அதப் பத்தி ரெண்டு பக்கம்! பேனாவ எவ்ளோ இறுக்கிப் பிடிச்சாங்க, ஒரு எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துட்டு அவங்களா கண்டுபிடிச்சு திரும்ப வந்து வெச்சது, அந்தத் தாள மடிச்சு பர்ஸுக்குள்ள வெச்சுக்கிட்டது வரைக்கும் எழுதியிருக்க. புதுப் பதவிக்குப் போனா சாயங்காலம் கிளாஸுக்கு நேரமே இருக்காதுன்னும் நீயே சொல்ற. அப்புறம் எதுக்குடா சரின்னு சொல்லப்போற? காரணம்னு நீ எழுதியிருக்கறது ஒண்ணே ஒண்ணு தான், வேணாம்னா பைத்தியக்காரன்னு நினைப்பாங்கன்னு.

எனக்கு தோணறத சொல்றேன். பயத்துல ரெண்டு வகை இருக்கு, நாம ரெண்டையும் போட்டு குழப்பிக்கறோம். லோன் இருக்கே, பசங்க படிப்பு இருக்கேங்கறது ஒரு பயம், அது நியாயமானது, அதுக்கு பேப்பர் பேனா எடுத்து மாசக் கணக்கு போட்டுப் பார்த்தா பதில் கிடைச்சிடும். உன் இப்போதைய சம்பளத்துல குடும்பம் நல்லாவே ஓடுதுன்னு நீயே போன தடவ சொன்ன. இன்னொன்னு நாலு பேர் என்ன நினைப்பாங்கங்கற பயம், அத எந்தக் கணக்கு போட்டும் தீர்க்க முடியாது, ஏன்னா அந்த நாலு பேர் யாருன்னே நமக்குத் தெரியாது. உன்னைப் பிடிச்சிருக்கறது இந்த ரெண்டாவது தான்.

இந்த பயம் எப்படி வளருதுன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். நோ சொல்லணும்னு போன்ல மெசேஜ் டைப் பண்றோம், அழிக்கறோம், திரும்ப டைப் பண்றோம், கடைசில "ஓகே சார் பண்ணிடலாம்"னு அனுப்பிடறோம், அனுப்பின அந்த நொடி தோள் ரெண்டும் இறங்கி ஒரு நிம்மதி வரும் பாரு, அந்த நிம்மதி தான் வில்லன். தப்பிச்சா நல்லா இருக்குன்னு மூளை அதுல கத்துக்குது, அடுத்த தடவ இன்னும் சீக்கிரமா பயத்தக் கிளப்பி விடுது. அதனால தான் மனநல மருத்துவத்துல பயத்துக்கு சிகிச்சை குடுக்கும்போது அதப் பக்கத்துல போய் கொஞ்சம் கொஞ்சமா பழக வைக்கறாங்க. பயம் போனப்புறம் பேசலாம்னு காத்திருந்தா அது போகவே போகாதுடா, நடுங்கிக்கிட்டே தான் பேச ஆரம்பிக்கணும்.

சாலமன் ஆஷ்னு அமெரிக்காவுல ஒரு உளவியலாளர் 1951ல ஒரு சோதனை பண்ணினார். ஒரு அட்டையில ஒரு கோடு, இன்னொரு அட்டையில மூணு கோடு, எது சம நீளம்னு சொல்லணும், சின்னக் குழந்தை கூட சொல்லிடும். ஆனா ரூம்ல இருக்கற மத்தவங்க எல்லாம் செட் பண்ணின ஆளுங்க, வேணும்னே தப்பா சொல்லுவாங்க. விஷயம் தெரியாம சோதனைக்கு வந்தவங்கள்ல நாலுல மூணு பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோட சேர்ந்து தப்பு பதிலையே சொல்லிட்டாங்க, கண்ணு முன்னாடி கோடு தெரியுது, அப்பவும்! ஆனா என்னை உலுக்கினது அதுக்கப்புறம் வந்தது தான், அந்தக் கூட்டத்துல ஒரே ஒரு ஆள் சரியான பதில சொன்னா போதும், கூட்டத்தோட பிடி கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கா இறங்கிடுச்சு. ஒரே ஒரு ஆள் மச்சான்.

இத நான் நேர்லயே பார்த்தேன். கொஞ்ச நாள் முன்னாடி எங்க மீட்டிங்ல, கஸ்டமருக்கு போற ரிப்போர்ட்ல ஒரு குறைய சொல்லாம விட்டுடலாம்னு பேச்சு வந்துச்சு, எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு இது சரியாப் படலன்னு சொன்னேன். குரல் நடுங்குச்சு, உள்ளங்கை ஈரமாயிடுச்சு, கொஞ்ச நேரம் யாருமே பேசல. அப்புறம் மூலையில உக்காந்திருந்த, புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு சார்னு சொன்னா, அவளுக்கு அப்புறம் இன்னும் ஒருத்தர். குறையோடவே ரிப்போர்ட் போச்சு. மேல இருக்கறவர் ரொம்ப நாள் என்கிட்ட முகம் குடுத்து பேசல, அதையும் சொல்லிடணும், உண்மையா இருந்தா எல்லாம் சுமுகமா முடியும்னு நான் உனக்கு ஆசை காட்டல. ஆனா அன்னிக்கு ராத்திரி படுத்ததும் தூங்கிட்டேன்.

வாழ்க்கைல என்னோட நோக்கம் என்னன்னே தெரியலன்னு கடைசில எழுதியிருந்த. விக்டர் ஃபிராங்கல்னு ஆஸ்திரியால ஒரு மனநல மருத்துவர், 1942ல இருந்து 1945 வரைக்கும் நாஜி முகாம்கள்ல கிடந்தவர், அப்பா அம்மா அண்ணன் மனைவி எல்லாரையும் பறிகொடுத்தவர். வாழ்க்கையோட அர்த்தம் இருக்கே, நாம செய்யற வேலை, யார் மேலயாவது வைக்கற அன்பு, தவிர்க்கவே முடியாத துன்பத்த தாங்கற விதம், இந்த மூணு வழியில மனுஷனுக்கு அது கிடைக்குதுன்னு சொன்னார். உன் கிளாஸ்ல இதுல ரெண்டு ஏற்கனவே இருக்குடா. நீ இன்னும் எத தேடற?

வேலைய விட்டுடுன்னு சொல்லவே இல்ல, தப்பா எடுத்துக்காத. இப்ப இருக்கற வேலையிலயே இரு, அந்தப் பதவி மட்டும் வேணாம்னு சொல்லு. நீளமா காரணம் அடுக்காத, சாயங்காலம் நான் பண்ற ஒரு காரியம் எனக்கு முக்கியம், அத விட முடியாதுன்னு சொன்னா போதும். முதல்ல வீட்ல சொல்லு, அவங்க உன் முகத்தப் பார்த்தே பாதி புரிஞ்சு வெச்சிருப்பாங்க. இந்த விஷயத்துல உன் பக்கம் நிக்கற அந்த ஒரு ஆளா நான் இருக்கேன். மேனேஜர்கிட்ட பேசற தேதி முடிவானதும் சொல்லு, முந்தின நாள் ராத்திரி நானே கூப்பிடறேன், எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல.

அன்போட,
உன் மச்சான்