தம்பி மூடிய கண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டில் பிறந்து, ராயபுரத்தில் ஒரு பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது என் பழக்கம். எங்கள் வீடு பாக்சிங் வீடு, அதனால் விளையாட்டுச் செய்திதான் முதலில். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டதை வெளியே சொல்லாமல் ஆடி ஜெயித்தவரை ‘வலியை வென்ற வீரர்’ என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறாள். பேரனுக்கு 11 வயது. பிப்ரவரி மாதம் அங்கே பள்ளிகளில் கறுப்பின மக்களின் வரலாற்றைப் படிக்கச் சொல்வார்கள். அதற்காக அவன் வில்லி ஓ’ரீ என்ற ஐஸ் ஹாக்கி வீரரைப் பற்றி எழுதியிருந்தான். வீடியோ காலில், “ஆயா, இவருக்கு ஒரு கண்ணு தெரியாது, ஆனா அது யாருக்குமே தெரியாது” என்றான். திரும்பச் சொல்லச் சொன்னேன். புரிந்ததும் என்னால் பேச முடியவில்லை. மகளிடம் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவரைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன்.

காசிமேட்டுக்காரர்களுக்கு ஐஸ் என்றால் மீன் ஐஸ். என் அப்பாவுக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை. விடியற்காலையில் பலகை மேல் ஐஸ் பார் சறுக்கி வரும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஈரமான சிமெண்ட் தரையில் என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் உடைந்த ஐஸ் துண்டை விறகுக் கட்டையால் தள்ளி விளையாடுவார்கள். கணுக்காலில் பட்டால் இரண்டு நாள் வீங்கிக் கிடக்கும். ஐஸ் ஹாக்கியில் தரை முழுக்க ஐஸ், ஷூவுக்கு அடியில் கத்தி மாதிரி ஒரு தகடு. அடிப்பதோ 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை. துள்ளாமல் இருக்க அதையும் உறையவைத்துத்தான் களத்தில் இறக்குகிறார்கள். அந்த வில்லைதான் 1955-56 பருவத்தில் ஓ’ரீயின் வலது கண்ணில் பட்டது. விழித்திரை போனது. அந்தக் கண்ணில் 95 சதவீதப் பார்வை இல்லை. இனி ஆடாதே என்று டாக்டர் சொன்னார். சில வாரங்களிலேயே அவர் மறுபடியும் ஐஸில் இறங்கிவிட்டார்.

கனடாவில் ஃபிரெடரிக்டன் என்ற ஊரில் 1935-ல் பிறந்தவர், 13 பிள்ளைகளில் கடைக்குட்டி. 1949-ல் பேஸ்பால் அணியோடு நியூயார்க் போனபோது ஜாக்கி ராபின்சனைச் சந்தித்து, நான் ஹாக்கியும் ஆடுவேன் என்று சொல்லியிருக்கிறார். கறுப்பர்களுக்கு மூடியிருந்த அமெரிக்க பேஸ்பாலின் பெரிய லீகில் 1947-ல் நுழைந்து காட்டியவர் அந்த ராபின்சன். (1949, ராபின்சன் என்றால் எங்கள் ராயபுரத்துப் பெரியவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்தது எங்கள் ராபின்சன் பூங்காவில்தான். இரண்டு ராபின்சனுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.) 1958 ஜனவரி 18 அன்று மாண்ட்ரியலில் பாஸ்டன் அணிக்காக ஓ’ரீ இறங்கினார். என்.எச்.எல். என்கிற அந்தப் பெரிய லீகில் ஆடிய முதல் கறுப்பர் அவர். அடுத்தவர் வர 1974 ஆயிற்று.

ஊருக்கு ஊர் நிறத்தைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். சிகாகோவில் ஒருவர் மட்டையின் பிடிமுனையால் முகத்தில் குத்தி, மூக்கும் முன்பல் இரண்டும் உடைந்தன. பெரிய லீகில் மொத்தம் 45 ஆட்டம், 4 கோல். 1961-ல் பாஸ்டன் அவரை மாண்ட்ரியலுக்குக் கைமாற்றியது. மாண்ட்ரியல் அவருக்கு மேல் அணியில் ஓர் ஆட்டம்கூடக் கொடுக்கவில்லை. அப்புறம் லாஸ் ஏஞ்சலீஸ், சான் டியாகோ என்று அடுத்த நிலை அணிகளில் 43 வயது வரை ஆடினார்.

இவ்வளவு காலமும் கண் விஷயத்தை வெளியே விடவில்லை. ஒரு கண் பார்வை இல்லாதவர் ஆடக்கூடாது என்று அந்த லீகில் விதியே இருந்தது. வீட்டில் ஓர் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்த அக்கா நான்.

என் தம்பி என்னைவிட ஐந்து வயது சின்னவன். காசிமேட்டில் ஒரு சந்துக்குள் இருந்த மன்றத்தில் பாக்சிங் கற்றுக்கொண்டவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடத்தில் வேலை கிடைத்தது, தினக்கூலிதான். மாநிலப் போட்டியில் மெடல் வாங்கினால் நிரந்தரம் என்று வாயால் சொன்னார்கள். 1987-ல் ஒரு போட்டியில் எதிராளியின் கிளவுஸ் கட்டைவிரல் அவனுடைய இடது கண்ணில் இறங்கியது. இரண்டு நாள் கழித்துக் கண்ணுக்குள் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்றான். ஓரத்தில் மின்னல் மின்னுகிறது என்றான். தூங்கினால் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த வாரம், இரவுச் சாப்பாடு. சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் டம்ளருக்கு இரண்டு விரல் தள்ளித் தரையில் ஊற்றியது. “கவனம் எங்கடா இருக்கு?” என்று அம்மா திட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துத் துடைத்தான். துடைக்கும்போதும் கை முதலில் ஈரத்துக்கு அந்தப் பக்கம்தான் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். இடது பக்கம் கறுப்புத் திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்றான். “அக்கா, யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா வேலை போயிடும்.”

நான் சொல்லவில்லை. ஏழு மாதம் சொல்லவில்லை.

உடல்தகுதிச் சோதனையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். ஒரு முறை வலது கையால் கண்ணை மூடினான், அடுத்த முறை இடது கையால் மூடினான். மாறியது கைதான். இரண்டு முறையும் மூடியது அந்த இடது கண்ணை. எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டியபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இடது கண் இல்லாதவனுக்கு எதிராளியின் வலது கை வருவது தெரியாது. அவன் முகத்தை இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி நின்று சமாளித்தான். மாநிலப் போட்டியில் மூன்றாவது ரவுண்டில் ஒரு ரைட் ஹுக். விழுந்தவன் எழுந்திருக்க நேரமாயிற்று. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்றானே, அன்றைக்கே வந்திருந்தால் ஆபரேஷன் செய்து காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். வேலைக்கு அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. அப்பா இருந்த ஐஸ் ஃபேக்டரியில் 14 ஆண்டு லோடு ஏற்றினான். இப்போது ஓர் அடுக்குமாடியில் இரவுக் காவல்.

ஓ’ரீயை நான் குறை சொல்லவே இல்லை. அன்றைக்கு அந்த லீகில் இருந்தது ஆறே அணிகள். கறுப்பர் ஒருவர்கூட ஆடாத இடம். கண்ணைப் பற்றி வாய் திறந்திருந்தால் கதவு அங்கேயே சாத்தப்பட்டிருக்கும். ஆனால் படித்ததில் ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. அவர் முதலில் ஆடியது இடது ஓரத்தில். இடது ஓரத்தில் ஓடுபவனுக்கு ஆட்டம் முழுக்க வலது பக்கம், அதாவது பார்வை இல்லாத பக்கம். ஒவ்வொரு முறையும் கழுத்தைச் சுற்றித் திருப்பித்தான் வில்லை வருவதைப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸில் பயிற்சியாளர், கண் விஷயம் தெரியாமலேயே, அவரை வலது ஓரத்துக்கு மாற்றினார். நல்ல கண் ஆட்டத்தின் பக்கம் வந்தது. 1964-65 பருவத்தில் 38 கோல். 1968-69-ல் மறுபடியும் 38.

ஒரே ஓர் இடமாற்றம். பயப்படாமல் சொல்ல முடிந்திருந்தால் அது பாஸ்டனிலேயே நடந்திருக்காதா? 45 ஆட்டம் 400 ஆகியிருக்காதா? கணக்கு டீச்சர் என்பதால் இப்படித்தான் எனக்கு யோசனை போகிறது. கண்ணை மறைத்தது அவரது வீரம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மறைக்க வைத்த இடத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அதே லீகில் 2013-ல்தான் புதிதாக வரும் வீரர்கள் எல்லாரும் ஹெல்மெட்டில் கண்ணை மறைக்கும் கண்ணாடி போட்டே ஆக வேண்டும் என்று விதி வந்தது. ஓ’ரீக்கு அடிபட்டு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு.

பாக்சிங்கில் இடம் மாற்றி ஆட வழியில்லை. ஒரு கண்ணோடு ரிங்கில் ஏறவே கூடாது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ரிங்கில் ஏறாதவனுக்கும் வேலை உண்டு என்று ஒரு பையனுக்குத் தெரிந்தால்தான் அவன் உண்மையைச் சொல்வான். விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுக்கிறவர்கள், அடிபட்டாலும் வேலை போகாது என்று காகிதத்தில் எழுதிக்கொடுக்கட்டும். போட்டி நடத்துகிறவர்கள் எழுத்துப் பலகையோடு நிறுத்தாமல், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்த சான்று கேட்கட்டும். 1819-லிருந்து கண்ணுக்கென்றே அரசு ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் இது. எழும்பூர் என்ன தூரம், வடசென்னையிலிருந்து ஒரு பஸ்.

பத்திரிகையும் ஒன்று செய்யலாம். கறுப்புப் புள்ளி பறப்பது, மின்னல் அடிப்பது, திரை விழுவது, இந்த மூன்றும் விழித்திரை பிரிவதன் அடையாளம். மெடல் செய்திக்குக் கீழே எப்போதாவது இதையும் நாலு வரி போடுங்கள். என் தம்பிக்கு 24 வயதில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

இன்னொன்றையும் கேட்கத்தான் வேண்டும். ஓ’ரீயும் ஆட்டத்தை விட்ட பிறகு சான் டியாகோ பக்கம் ஒரு ஹோட்டலில் செக்யூரிட்டி வேலை பார்த்தவர்தான். ஆனால் அவரை லீக் திரும்பக் கூப்பிட்டது. 1998-லிருந்து அவர்களுடைய தூதராக, ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஹாக்கிக்கு வர ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2018-ல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற ஹாக்கிப் புகழாளர் வரிசையில் சேர்த்தார்கள். 2022 ஜனவரி 18 அன்று, முதல் ஆட்டத்தின் அதே தேதியில், அவரது சட்டையில் இருந்த 22-ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று பாஸ்டன் அணி அரங்கத்தின் மேலே ஏற்றி வைத்தது. கொரோனா காலம், அவர் வீட்டிலிருந்தே பார்த்தார். எங்கள் பக்கமும் ஆட்கள் குறைவில்லை. 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஜெயித்த அன்று எல்லாரும் வருகிறீர்கள், அது நல்லதுதான். ஆட்டத்தை விட்டு 30 ஆண்டு ஆனவர்களையும் வந்து பாருங்கள். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் எந்தக் கேட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதுங்கள். படிக்கிறவர்களில் யாராவது அவர்களைக் கூப்பிடுவார்கள்.

தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் போடாதே என்றான், மற்றதை எழுது என்றான். ஞாயிறு தோறும் காலை ஆறு மணிக்கு, இரவு டியூட்டி முடிந்த கையோடு, எங்கள் மொட்டை மாடியில் அக்கம்பக்கத்துப் பையன்களுக்கும் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் பாக்சிங் சொல்லித்தருகிறான். காசு வாங்குவதில்லை. கிளவுஸ் கொடுப்பதற்கு முன்னால் எல்லாரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்துவான். பிள்ளைகளை மூடச் சொல்வதில்லை. அவனே தன் உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடி, மறு கையில் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பான். அப்புறம் அடுத்த கண்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
காசிமேடு, சென்னை - 13